அறக்கட்டளைக்காரர் பார்க்க வரும் நாள்

"யூத ஆக்களைச் சனிக்கிழமை வாங்கோ எண்டு கூப்பிட்ட ஒரே ஆள் நீர்தான்!"

கிங்ஸ்பரி போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில், ஒரு முதியோர் சங்கத் தலைவர் தன் செயலாளரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கட முதியோர் சாப்பாடு சனிக்கிழமைதானே அண்ணை. நேரில வந்து பாத்தாத்தான் அவையின்ர அறக்கட்டளை நிதி தருமாம்."

"அவைக்கு அது ஓய்வுநாள் எல்லே! பிறகு?"

"வெள்ளி பின்னேரம் எண்டு மாத்தினன்."

"ஐயோ, பொழுதுபட்டா அதுவும் ஓய்வுதான்!"

"ஓம், சொல்லிச்சினம். கடைசியில வாற செவ்வாய் மத்தியானம் வருகினம். சாப்பாட்டையும் அண்டைக்கு மாத்திப்போட்டன்."

தலைவர் தலையில் கைவைத்தார்.

"செவ்வாய் கந்தசட்டி விரதம் தொடங்குது. எங்கட சனம் ஒண்டும் வாய் நனைக்காது. ஆர் இருந்து சாப்பிடுறது?"

"நாங்கள் ரெண்டுபேரும் இருந்து சாப்பிடுவம் அண்ணை."

"நீர் சாப்பிடும். நானும் விரதம்."