மண்ணுல செஞ்ச மணவாளன்

அந்தப் பொம்மையக் கேட்டா நான் எங்க போறது டீச்சரம்மா? திருவள்ளூர் எக்ஸிபிஷனுக்கா? நல்லாத்தான் கீது. ஆரம்பாக்கத்துல எறங்கி வெயில்ல நடந்து வந்துக்கற, மொதல்ல கொடைய மடக்கி வெச்சிட்டு ஒக்காரு. அண்ணி உள்ளாரதான் கீது. நீ இப்ப உள்ள போவாத.

உன்மேல குத்தம் சொல்லலம்மா. கெழடுகட்டைங்க மூலைல சுருண்டு கெடக்குதுங்க, கையால எதனா செஞ்சா மனசு லேசாவும்னு வலைக் கொட்டாய்ல ஒக்கார வெச்ச. எங்கண்ணன் மணவாளன் அறுபத்தாறாம் வருசப் புயல்ல கடலுக்குப் போயி திரும்பாததுலேர்ந்து அண்ணி யாராண்டயும் வாயத் தொறக்கல. உன்னாண்ட வந்துதான் சிரிச்சுது. மனசுல கீறவங்களச் செய்யுங்கன்னு நீ சொன்னதும், எங்கண்ணனையே செஞ்சு வெச்சிருச்சு. அந்த மூக்கு, அந்தத் தலப்பா. எனுக்கே அழுக வந்துச்சு.

ஆனா எங்க குப்பத்துல யாரும் உசுரோட கீற ஆள மண்ணுல செய்ய மாட்டாங்க. உனுக்கு எப்டித் தெரியும்? கடலுக்குப் போனவன் பொணம் கெடைக்கலன்னாதான் அவனாட்டம் மண்ணுல செஞ்சு, காரியம் பண்ணிப் பொதைப்போம். அதோட அவன் செத்தவன். அண்ணி அதுக்கு ஒத்துக்கவேயில்ல. மனுசன் வருவாருன்னு பூவும் பொட்டுமா இருந்துச்சு. ஆமா, அதுக்கும் இந்த வழக்கம் தெரியும்தான். டீச்சர் சொல்லிச் செய்றது வேறன்னு நம்பிச்சு, பாவம்.

பஞ்சாயத்து ஆளுங்க வந்து பாத்தாங்க. அவளே செஞ்சுட்டா, மனசு தேறிட்டான்னு முடிவு பண்ணிட்டாங்க. வெள்ளிக்கெழம கரைக்குத் தூக்கினு போயி பொதைச்சுட்டாங்க. அங்கயே தாலியும் அறுத்தாங்க. நானும் நின்னுக்கினுதான் இருந்தேன். அண்ணி கைல ஒட்டின மண்ணையே பாத்துக்கினு இருந்துச்சு. அதான் எனுக்கு பயமே.

அழுவாத, கண்ணாடியக் கழட்டிட்டு கண்ணத் தொடை.

இல்லம்மா, நீ கத்துக் குடுத்தது வீணாவல. கரைலேர்ந்து ஊட்டுக்கு வந்ததும் மறுபடி மண்ணு பெசைய ஆரம்பிச்சிருச்சு. வேளைக்கு சோறு துண்ணுது. என்னாண்ட கூட நல்லாப் பேசுது. இந்த வாட்டி பொம்பள. மூக்குக் கண்ணாடி, தோள்ல பையி, கைல கொடை. அப்டியே உரிச்சு வெச்சிக்கீது. மாலையும் கோடித்துணியும் வாங்கியாரச் சொல்லிச்சு, கடைக்குத்தான் கெளம்பினு இருந்தேன், நீயே வந்துட்ட.