ஜன்னல் வரிசையை மட்டும் விட்டுடுங்க

இல்லண்ணே, அந்த வரிசையை மட்டும் இப்போ புடுங்காதீங்க. இந்தப் பக்கம் இருக்கிற கம்ப்யூட்டரை எல்லாம் லாரியில ஏத்துங்க, மானிட்டரை நானே தூக்கித் தரேன். ஜன்னலோரம் இருக்கே, அது மட்டும் சாப்பாட்டு நேரம் முடியட்டும். அதுக்கப்புறம் நான் குறுக்க வரவே மாட்டேன், நீங்க பாட்டுக்கு அள்ளிட்டுப் போங்க.

லாரிக்காரர் கத்துவாரா? கத்துவாருதான். நான் வேணும்னா கீழ போய்ச் சொல்லவா? சரி சரி, நீங்களே சொல்லிக்கங்க.

உள்ள ஒண்ணும் இல்லண்ணே, எல்லாத்தையும் அழிச்சாச்சு. கம்பெனி ஃபைல் ஒண்ணு கூட கிடையாது, கழுவிக் கவுத்த பாத்திரம் மாதிரி இருக்கு. அப்புறம் எதுக்கு ஆன் பண்ணி வெச்சிருக்கேன்னா... அது வந்து...

ஸ்கிரீன்ல மாறி மாறி வருதே, அந்தப் படமா? ஐயோ, வைரஸ் எல்லாம் இல்ல! நான் எழுதினதுதான். ஸ்கிரிப்டுனு சொல்லுவோம். நாம ஒரு தடவை எழுதி வெச்சிட்டா மெஷின் அந்த வேலையைத் தானா செஞ்சுக்கும். ஆன் பண்ண உடனே மெஷினைக் கேக்கும், உனக்கு மெமரி எவ்வளவு, உன் ஸ்கிரீன் எவ்வளவு அகலம், நீ புதுசா பழசான்னு. அது சொல்ற பதிலைப் பாத்துப் பின்னாடி படத்தைப் போடும். புது மெஷினுக்குக் கடல், மலைன்னு பெரிய படம். பழசுக்கு வெறும் கலர். விரலுக்குத் தகுந்த வீக்கம்னு வெச்சுக்கங்களேன்.

நான் இங்க சிஸ்டம் பாக்கிற ஆளு. பேரு சொல்லி யாரு கூப்பிட்டா? சிஸ்டம், இங்க வா. சிஸ்டம், பிரிண்டர் வரல. ஒவ்வொண்ணாக் குனிஞ்சு இது என்ன மாடல்னு பாத்துக்கிட்டிருக்க முடியுமா? படம் இருந்தா தூரத்துல இருந்தே அதோட ஜாதகத்தைச் சொல்லிடலாம். நல்ல யோசனைன்னு நெனச்சேன். கடைசியில ஆபீஸ்ல குடுமிப்பிடிச் சண்டை. கணக்கு பாக்கிற அக்கா வந்து நிக்கிறாங்க. ஏன்டா தம்பி, அவளுக்கு மட்டும் கடலு, எனக்கு மட்டும் பச்சைப் பெயிண்டா, நான் என்ன பாவம் பண்ணேன்னு. யாருக்கு நல்ல மெஷின், யாருக்கு ஓட்டை மெஷின்னு நானே தம்பட்டம் அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. அதைவிடக் கூத்து, மேனேஜருக்கு வந்தது சாம்பல் கலர்! இருக்கிறதுலயே கிழடு அவரோடதுதான். புதுசு வரும்போதெல்லாம் மத்தவங்களுக்குக் குடுத்துட்டு வாயே தொறக்காம இருந்திருக்காரு மனுஷன். அன்னைக்கு முழுக்க அவர் ரூமை எட்டி எட்டிப் பாத்து, சார், மழை வரும் போல இருக்கேன்னு சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. எனக்குத்தான் வேலை போயிடுமோன்னு பயம். அப்போ போகல.

அப்புறம் மாத்தி எழுதினேன். கிழட்டு மெஷினுக்கும் படம் வரும், ஆனா சுருக்கின படம். ஒரே படமா நிக்காம மாறிக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு என்னன்னா, நல்ல மெஷின் டக்டக்னு படத்தை மாத்திடும். பழசு ஆடி அசைஞ்சுதான் மாத்தும், அதோட மூச்சு அவ்வளவுதான். அதனால எல்லாத்துக்கும் ஒரே நேரம் வெக்கல. தன்னோட தெம்புக்கு ஏத்த மாதிரி அதுவே நேரம் எடுத்துக்கும். பாருங்க, அந்த ஓரத்துல மாறுச்சா? இப்போ நடுவுல. எல்லாம் ஒண்ணா மாறினா டிவி கடை மாதிரி ஆயிடும்.

அவங்கல்லாமா? போயிட்டாங்கண்ணே. இந்தக் கிளையை மூடறோம்னு சொல்லிட்டாங்க. மேனேஜருக்கு வேற கிளை. அக்கா வேற வேலை பாத்துக்கிட்டாங்க. அந்த நாற்காலியில நீலச் சால்வை தொங்குதே, அவங்களோடதுதான், ஏசி குளிருதுன்னு போத்திக்குவாங்க. வந்து எடுத்துக்கிறேன்னாங்க. எங்க வர்றது! சாமானை ஒப்படைக்கிற வரைக்கும் என்னை மட்டும் இருக்கச் சொன்னாங்க. வரேன், கதவைத் தொறக்கிறேன், என் இடத்துல உக்காருறேன். சிஸ்டம்னு கூப்பிட ஒரு ஆளில்ல. முன்ன அந்தப் பேரைக் கேட்டாலே எரிச்சலா வரும். இப்போ பிரிண்டர் தானா ஒரு சத்தம் போட்டாக்கூடத் திரும்பிப் பாக்கிறேன்.

தண்ணி குடிக்கிறீங்களா? உக்காருங்கண்ணே. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

வேற ஒண்ணுமில்ல, சாப்பாட்டு நேரத்துல எங்கம்மா கூப்பிடுவாங்க. வீடியோவுல. அதான்.

அவங்களுக்கும் வேற ஒரு ஆபீஸ்லதான் வேலை, கூட்டித் துடைக்கிறது. ஆளுங்க வர்றதுக்குள்ள முடிச்சுட்டுக் கிளம்பிடணும். வருஷக்கணக்கா நாற்காலியைத்தான் பாத்திருக்காங்க, அதுல உக்காருறவங்களைப் பாத்ததில்ல. நான் இங்க சேர்ந்த முதல் நாள் போனைச் சுத்திக் காட்டச் சொல்லி, இவங்க யாரு, அவங்க யாருன்னு கேட்டுக் கேட்டுப் பாத்தாங்க. எங்க வீட்டுல காலேஜ் வாசல் மிதிச்சது நான் ஒருத்தன்தான். அன்னைலேருந்து இதை ஒரு பார்வை பாத்தாத்தான் அவங்களுக்குச் சோறு இறங்கும்.

எல்லாரும் போன மறுநாளும் கூப்பிட்டாங்க. எனக்குப் பின்னாடி இந்த ஜன்னல் வரிசைதான் தெரியும். அழிக்கிறதுக்காக ஆன் பண்ணி வெச்சிருந்தேன். என்னடா, ஒருத்தரையும் காணோம்னாங்க. நான் சொல்றதுக்குள்ள அவங்களே, சாப்பிடப் போயிருப்பாங்க, பொட்டி எல்லாம் மினுக்கு மினுக்குன்னு மாறுதே, வேலை ஓடிக்கிட்டுத்தான் இருக்குன்னு சொல்லிட்டாங்க. மொகத்துல அப்படி ஒரு நிறைவு. நான் பொய் சொல்லலண்ணே. ஆமான்னும் சொல்லல. எல்லாத்தையும் அழிச்சு முடிச்சேன். அப்புறம் இந்த ஸ்கிரிப்டை மட்டும் திரும்பப் போட்டேன்.

தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டு எடத்துல கூப்பிடறோம்னாங்க. கிடைச்ச உடனே அம்மாகிட்ட, அந்த ஆபீஸை விட்டு இந்த ஆபீஸுக்கு வந்துட்டேம்மான்னு சொல்லிடுவேன். கெட்டதும் நல்லதும் ஒரே மூச்சுல முடிஞ்சிடும். நாளைக்கா? நாளைக்கு எங்க உக்காந்து பேசுவேன்னு தெரியலண்ணே. இன்னைக்கு ஒரு நாள் தாண்டட்டும்.

நேத்து என்ன கேட்டாங்க தெரியுமா? ஏன்டா, நான் எப்பக் கூப்பிட்டாலும் உங்க ஆபீஸே சாப்பிடப் போயிடுதே, ஒருத்தராவது வீட்டுச் சாப்பாடு கொண்டு வர மாட்டாங்களான்னு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல.

லாரிக்காரரும் சாப்பிடப் போயிட்டாரா? நல்லதாப் போச்சு. அப்போ எனக்கு ஒரு உதவி பண்ணுங்கண்ணே. பேசவே வேணாம். அந்த அக்கா இடத்துல, ஜன்னலைப் பாத்து உக்காந்தா போதும். மொகம் வேணாம், முதுகு தெரிஞ்சா சரி. சட்டையில தூசியா? இந்த கேமராவுல அதெல்லாம் தெரியாது. கையைக் கீபோர்டு மேல வெச்சுக்கங்க. அய்ய, போட்டோவுக்கு நிக்கிற மாதிரி வெறைக்காதீங்க. வேலை செய்யுறவங்க கொஞ்சம் கூன் போட்டுத்தான் இருப்பாங்க. ஆங், அதேதான்.

போன் அடிக்குது. இருங்க.

அம்மா... ம், சாப்பிட்டேம்மா. நீ? மருந்து போட்டியா... எங்க? எனக்குப் பின்னாடியா?

ஆமாம்மா. இன்னைக்குத்தான் வந்திருக்காரு.