ஆப்பிரிக்காவுக்குப் போன குரல்

சாயங்காலம் ஆறேகால். கம்பம்மெட்டுல இருந்து வெள்ளிப்பாறை எஸ்டேட்டுக்குப் பிரியுற மண் ரோடு. ஆள் கிடையாது, ஜீப் கிடையாது. பனி இறங்கிச்சுன்னா நீட்டின கை நமக்கே தெரியாது... அந்த ரோட்டுல ஒரு குரல் வருது.

"ஏ... குருவூ! விளக்கு எடு!"

அடுப்புப் பக்கத்துல உக்காந்துக்கிட்டுப் போர்வையை இப்பவே இழுக்காதே பெரியமுத்து. இது பேய் இல்லை, புருசன். வெள்ளிப்பாறையில வாச்சரா இருந்த நல்லமுத்து. காட்டுக் காவல் முடிஞ்சு வரும்போது மேட்டு வளைவுல நின்னு தினமும் இப்படித்தான் கூப்பிடுவான். வளைவுக்கும் எஸ்டேட் ஆளுக குடியிருக்கிற லயத்துக்கும் நடுவுல யானைத் தடம் போகுது. பனிக்குள்ள யானை நின்னா பாறைன்னு நினைச்சுப் போய் மோதிக்க வேண்டியதுதான். அதனால அந்த லயத்துல ஒரு வழக்கம். புருசன் மேட்டுல நின்னு குரல் கொடுக்கணும். பொண்டாட்டி அரிக்கேன் விளக்கை எடுத்துக்கிட்டு ஏறிப் போய்க் கூட்டிட்டு வரணும். அவ பதிலுக்குக் கத்தக் கூடாது. ஒரு பக்கம் சத்தம் வந்தா யானை ஒதுங்கும், ரெண்டு பக்கமும் வந்தா மிரளும். உலை கொதிச்சாலும் சரி, பிள்ளை அழுதாலும் சரி... குரல் கேட்டா எந்திரிச்சிடணும்.

நல்லமுத்து என் கூட்டாளி சுருளிவேலோட அக்கா புருசன். என் வயசுதான், அதனால அவன் இவன்னே சொல்றேன். கெட்டிக்காரத் தொண்டை அவனுக்கு. கேளையாடு மாதிரி குரைப்பான். காட்டுக்குள்ள இருந்து நிஜக் கேளையாடு பதில் குரைக்கும். கடமான் மாதிரி கூப்பிடுவான். நாலு மரம் தள்ளி செடி அசையும். அந்தத் தொண்டைதான் எஸ்டேட் மேனேஜர் கபிரியேல் தொரை காதுல விழுந்துச்சு. வினையும் அங்கதான் ஆரம்பிச்சுது.

எழுபத்து நாலாம் வருசம். தொரைக்கு ஆப்பிரிக்கா கிறுக்கு. பங்களா சாப்பாட்டு மேசையில தட்டு வைக்க இடம் இருக்காது, அம்புட்டுப் பெரிய மேப்பு. பம்பாய்ல ஏறி நைரோபியில இறங்கணும். அப்புறம் அம்போசெலி, சாவோ, கோரோங்கோரோ, செரெங்கெட்டின்னு வரிசையாக் காடு. மொத்தம் பதினெட்டு நாள். எந்தக் காட்டுல எத்தனை ராத்திரி, எத்தனை மணிக்கு ஜீப் எடுக்கணும், எங்க தண்ணி ரொப்பணும், சிங்கம் எந்நேரம் வெளிய வரும்... எல்லாத்துக்கும் குண்டூசி குத்திக் குத்தி வச்சாரு. நல்லமுத்து பக்கத்துல நின்னு குண்டூசி எடுத்துக் கொடுத்தான். ஒரு நாள் தொரை அவன் தோள்ல கை போட்டாரு.

"நல்லமுத்து, நீயும் வர்றே. நீ கூப்பிடு, சிங்கம் வரட்டும். நான் போட்டோ எடுக்கிறேன்."

"அந்த ஊர்ச் சிங்கத்துக்கு நம்ம கேளையாட்டுப் பாஷை விளங்குமா தொரை?"

"பசிக்கு எல்லாப் பாஷையும் விளங்கும்."

அம்புட்டுத்தான். ஆளு அதுக்கப்புறம் தரையில நடக்கலை. கம்பத்துக்கு இறங்கிப் போய் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தான். கொச்சிக்குப் போய் மஞ்சக் காய்ச்சல் ஊசி போட்டுக்கிட்டு வந்து, வீங்கின கையை லயம் லயமாக் காட்டினான். 'ஆப்பிரிக்கா'ன்னே பேரு விழுந்துச்சு. கடைசி வீட்டுக் கிழவிக்குக் கூட எந்த நாள் எந்தக் காட்டுல இருப்பான்னு ஒப்பிச்சான். பொண்டாட்டி குருவம்மாகிட்ட மட்டும் எல்லாம் முடிவானப்புறம்தான் சொன்னான். அவ பதினெட்டு நாளைக்குப் பருப்புப்பொடி இடிச்சுக்கிட்டே கேட்டா.

"யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?"

"தொரை கூப்பிட்டாரு. கூப்பிட்டாப் போகணும்ல?"

அவ உலக்கை கொஞ்சம் வேகமா விழுந்துச்சு.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது தொரை, ஒத்திகை பார்க்கணும்னாரு. நம்ம காட்டுக்குள்ளயே மூணு நாள் கூடாரம். கையில புதுசா ஒரு டேப் ரெக்கார்டர், பேட்டரியில ஓடுறது. நல்லமுத்து கூப்பிடக் கூப்பிட உள்ள ரெண்டு சக்கரமும் சுத்துச்சு... சர்ருனு ஒரு சின்னச் சத்தம். கேளையாடு போச்சு உள்ள. கடமான் போச்சு. புலி உறுமல் போச்சு. மூணாம் நாள் சாயங்காலம் தொரை சொன்னாரு.

"கடைசியா ஒண்ணு. தினமும் வீட்டுக்குக் குரல் கொடுப்பியே... அதையும் கொடு."

நல்லமுத்து தயங்கினான். நம்ம ஆளுக யாரும் காட்டுக்குள்ள நின்னு வீட்டு ஆள் பேரைச் சொல்ல மாட்டோம். சொன்னா அந்தப் பேரு காட்டுக்குத் தெரிஞ்சு போகும். மேட்டு வளைவு ரோடு, அதுல கூப்பிடலாம். இது நடுக்காடு. அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா ஆப்பிரிக்கா கண்ணை மறைச்சுது. கொடுத்துட்டான்.

தொரை அதைத் திருப்பிப் போட்டுக் காட்டினாரு. தன் குரலைத் தானே கேட்டுக்கிட்டு நின்னான் நல்லமுத்து. அவனுக்கு அது பிடிக்கலை. தான் கூப்பிடுறதை விட அது நல்லாக் கூப்பிட்டுச்சு. அதுல ஒரு ஏக்கம் இருந்துச்சு... அவன் குரல்ல அது என்னைக்கும் இருந்தது கிடையாது.

பெரியமுத்து, அடுப்புல ரெண்டு விறகு தள்ளு. ஏலக்காய் காயுறதுக்கு விடியணும், கதை முடியுறதுக்கு அம்புட்டு நேரம் ஆகாது.

கிளம்புற நாள். விடியக்காலம். நல்லமுத்து புதுக் காக்கி, புது பூட்ஸு, தகரப் பெட்டியோட பங்களா வாசல்ல நிக்கிறான். ஜீப்பு உறுமிக்கிட்டு நிக்குது. பின் சீட்டைப் பார்த்தா... டேப் ரெக்கார்டர் உக்காந்திருக்கு. கம்பளி சுத்தி, கயிறு போட்டுக் கட்டி, ஒரு ஆளை உக்கார வச்ச மாதிரி.

தொரை சிரிச்சுக்கிட்டே வந்தாரு. "லிஸ்ட் மாறிடுச்சு நல்லமுத்து. நீ எதுக்கு வீணா அலையணும்? நீதான் ஏற்கெனவே இதுக்குள்ள இருக்கியே!"

தோள்ல தட்டிக் கொடுத்தாரு. அன்னைக்குக் கை போட்டாரே, அதே தோளு. நம்ப வச்சுக் கழுத்தறுக்கிறதுன்னு சொல்வோமே, அது இதுதான். ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி. கடந்தப்புறம் நீ யாரோ, நான் யாரோ. ஜீப்பு நகர்ந்துச்சு. நல்லமுத்து பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே ஓடினான். "தொரே!"ன்னு ஒரு கத்து கத்தினான். பாதியிலயே தொண்டை அடைச்சுது. அதோட சரி. அதுக்கப்புறம் அந்த வாயில இருந்து காத்துதான் வந்துச்சு.

லயத்துல சும்மா விடுவாங்களா? "என்ன ஆப்பிரிக்கா, சிங்கம் நல்லா இருக்கா? அதுக்குள்ள திரும்பிட்டே?"ன்னு பொம்பளைக கூடக் கேட்டாளுக. அவமானத்துல காய்ச்சல் வந்துச்சு. குருவம்மா திட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. சுக்குக் கஷாயம் வச்சுக் கொடுத்தா. பருப்புப்பொடியைப் பிரிச்சு அவனுக்கே தினமும் போட்டா. சாப்பிட்டான்.

ஆறாம் நாள். சாயங்காலம் ஆறேகால். பனி வாசல் வரைக்கும் வந்து நிக்குது. ஈர விறகுப் புகை, கொதிக்கிற கஞ்சி வாசனை. நல்லமுத்து சுவரோரமா கம்பளிக்குள்ள படுத்துக் கிடக்கான். அவ அடுப்பு முன்னால இருக்கா. ரெண்டு பேருக்கும் நடுவுல நாலடி கூட இருக்காது.

மேட்டு வளைவுல இருந்து...

"ஏ... குருவூ! விளக்கு எடு!"

நல்லமுத்து எந்திரிச்சு உக்காந்தான். அவன் குரல். அவன் இங்க. குருவம்மா திரும்பி அவனைப் பார்த்தா. நேருக்கு நேர் பார்த்தா. அவன் தலையை ஆட்டுறான், கையை ஆட்டுறான், போகாதேங்கிறான். வாயில காத்து. அவ முந்தானையில கையைத் துடைச்சா. விளக்கை எடுத்தா... திரியை ஏத்தினா... கதவைத் திறந்து போயிட்டா.

அவளுக்கு ஏதோ பிடிச்சிடுச்சுன்னுதான் அவன் நினைச்சான். வேற எப்படி நினைப்பான்? காய்ச்சலோட எந்திரிச்சு ஓடினான். வெறுங்காலு. பனிக்குள்ள வழி தெரியலை. நின்னு கேட்டான். மேல இருந்து காலடிச் சத்தம். ஒரு ஆள் இல்லை, ரெண்டு ஆள். அப்புறம் மஞ்சளா வெளிச்சம் ஆடி ஆடி இறங்கி வந்துச்சு. குருவம்மா முன்னால. பின்னால வர்றவர் கால் வைக்க வசதியா விளக்கைப் பக்கவாட்டுல தாழ்த்திப் பிடிச்சிருக்கா. தினமும் நல்லமுத்துக்குப் பிடிக்கிற மாதிரியே. சின்னக் குரல்ல பேசிக்கிட்டே வர்றா. சிரிக்கிறா. கல்யாணமான புதுசுல கேட்ட சிரிப்பு அது.

பின்னால வந்தது... அவன் உயரம், அவன் நடை. முகம் பனிக்குள்ள. வாசனைதான் வேற. ஏலக்காய் வாசனை இல்லை, ஈர மண் இல்லை. காஞ்ச புழுதி... வெயில்ல வெந்த புல்லு. நம்ம மலையில எந்த மாசத்துலயும் அடிக்காத வாசனை. நல்லமுத்து கையை நீட்டி குருவம்மாவைப் பிடிக்கப் போனான். அவ பார்க்காத மாதிரியே, சேலை படாம, ஒரு எட்டு ஒதுங்கி நடந்தா.

அப்பத்தான் நல்லமுத்துக்கு உறைச்சுது. தொரை பண்ணினது ஒண்ணுமே இல்லை. இது வேற வலி.

பின்னாலயே ஓடினான். கதவு சாத்திக்கிச்சு. தாழ்ப்பாள் விழுந்துச்சு. உள்ள தட்டு வைக்கிற சத்தம், சொம்புல தண்ணி ஊத்துற சத்தம். கதவைத் தட்டினான், கையால, அப்புறம் தலையால. யாரும் திறக்கலை. பக்கத்து வீடு சுருளிவேல் வீடு. அங்க ஓடித் தட்டினான். சுருளிவேல் திறந்தான். பார்த்தான். கண்ணுல தண்ணியோட மச்சான் நிக்கிறாரு, நெத்தியில ரத்தம். வாய் திறக்குது, மூடுது. சுருளிவேல் அவன் கையைப் பிடிக்கப் போனான்...

அப்ப நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, கணீர்னு...

"மாப்ளே, கதவைச் சாத்துடா. பனி உள்ள வருது."

சுருளிவேல் சாத்திட்டான்.

வெளிய நிக்கிறதுதான் மச்சான்னு அவனுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் சாத்தினான். ராத்திரி பூரா அந்தக் கதவுல உள்ளங்கை உரசுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. விடியக்காலம் நின்னுச்சு.

காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துல கணக்குப்பிள்ளை பேர் கூப்பிட்டாரு. "நல்லமுத்து!" "இருக்கேன் ஐயா!"ன்னு களமே திரும்பிப் பார்க்கிற மாதிரி பதில் வந்துச்சு. குரல் திரும்பிடுச்சுன்னு எல்லாருக்கும் சந்தோசம். சுருளிவேல் மட்டும் களத்தைப் பார்க்கலை, ஏலச்செடி ஓரத்தைப் பார்த்தான். அங்க ஒரு ஆள் நின்னுச்சு. அந்த ஆளும் வாயைத் திறந்துச்சு. மூணு நாள் காலையில அப்படி நின்னுச்சு. நாலாம் நாள் இல்லை.

தொரை பதினெட்டு நாள் கழிச்சு வந்தாரு. ஆறாம் நாள் சாயங்காலம் அங்க சிங்கத்துக்காக டேப்பைப் போட்டாராம். டேப்புல காத்துச் சத்தம் தவிர ஒண்ணும் இல்லையாம். அதை நல்லமுத்துகிட்ட சொல்லலாம்னு களத்துக்கு வந்தவரு, "வாங்க தொரை"ன்னு அது கூப்பிட்டதும் அப்படியே திரும்பிட்டாரு. அந்த மாசமே எஸ்டேட்டை விட்டுப் போயிட்டாரு.

இது நடந்து அஞ்சு வருசம். சுருளிவேல் மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்கிட்டு, போன தை மாசம்தான் துணிஞ்சு அக்கா வீட்டு வாசல்ல போய் நின்னான். அக்கா முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தா.

"அக்கா... அன்னைக்கு வெளிய நின்னது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். விளக்கைத் தொடும்போதே தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவ கல்லு ஒண்ணு பொறுக்கி எறிஞ்சா. "என்னை விட்டுட்டுப் போறதுக்கு ஊசி போட்டுக்கிட்டு வந்து ஊருக்கெல்லாம் காட்டினாரேடா உங்க மச்சான். கண்காணாத தேசத்துல இருந்து என் பேரைச் சொல்லிக்கிட்டு ஒருத்தராவது வந்தாருல்ல?"

அப்ப வீட்டுக்குள்ள இருந்து...

"குருவூ, வாசல்ல யாரு?"

அக்கா தலையைத் தூக்கித் தம்பி முகத்தைப் பார்த்தா. நிதானமாப் பார்த்தா.

"யாரும் இல்லைங்க."

சொல்லிட்டு முறத்தை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. சுருளிவேல் 'அக்கா'ன்னு கூப்பிட வாயைத் திறந்தான்.

இதையெல்லாம் அவன் என் வீட்டுக்கு வந்து, என் மக சிலேட்டை வாங்கி, எழுதி எழுதித்தான் காட்டினான்.