கடைசி வரிசையின் கைதட்டல்

புதுப்பட்டினம் சேர்ந்திசை மன்றத்தின் தலைவராய், இன்று இப்பருவத் தொடக்க விழாவின் தலைவருமாய் நடுநாயகமாக வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய ஜானகிராமன் அவர்களே! வில்லும் குழலும் முரசும் ஏந்தி இவ்வூரின் பெயரை விளங்கச் செய்த கலைஞர்களே! ஆராய்ச்சிப் பணியாளர் குடியிருப்பிலிருந்து குடும்பத்தோடு வந்திருப்பவர்களே! செங்கல்பட்டிலிருந்தும் ஊரப்பாக்கத்திலிருந்தும் பேருந்து மாறிப் பேருந்து ஏறி வந்த பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலிருத்திப் பேச்சைக் கேட்கும் பெற்ற தாய்மார்களே! கடைசி இரண்டு வரிசைகளில் அமர்ந்திருப்பவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

திரும்பிப் பார்க்கிறீர்கள். நாற்காலிகள் காலியாக இருக்கின்றனவே என்று யோசிக்கிறீர்கள். இருக்கட்டும். சொன்ன வணக்கத்தை நான் திரும்பப் பெறுவதாக இல்லை.

கைதட்டாதீர்கள் ஐயா. அருள்கூர்ந்து இப்போது தட்டாதீர்கள். காரணத்தை முடிவில் சொல்கிறேன்.

இந்த 2005ஆம் ஆண்டின் இசைப் பருவத்தை அறிமுகப்படுத்தச் செயலாளன் என்ற முறையில் என்னை அழைத்தார்கள். அச்சிட்ட ஏடு உங்கள் கைகளில் இருக்கிறது. செப்டம்பரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நிகழ்ச்சி. அக்டோபரில் திருவிடந்தைக் கடற்கரை விடுதியில் அதிகாரிகளுக்கு விருந்தோடு ஒன்று. டிசம்பரில் மாமல்லபுரத்தில் வெளிநாட்டு விருந்தினருக்கு. ஜனவரியில் கணினி நிறுவனத்தாருக்கு. நான்கு நிகழ்ச்சிகள், நால்வகை மக்கள். நல்லது. ஐந்தாவது எங்கே?

பின்னட்டையைப் புரட்டுங்கள். அடியில் ஒரு வரி: “பகுதிகளுக்கு இடையே கைதட்டுவதைத் தவிர்க்கவும்.” இந்த ஒற்றை வரியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சிம்பொனி என்பது நான்கு பகுதிகளால் ஆனது. ஒரு பகுதி முடிந்ததும் வில்கள் தாழும். சற்று நேரம் அமைதி நிலவும். அடுத்த பகுதி தொடங்கும். நான்கும் முடியும் வரை கைதட்டக் கூடாது என்பது மரபு. இரண்டாண்டுகளுக்கு முன் இதே மண்டபத்துக்கு நம் கடலோரக் குப்பத்து மக்களை முதன்முதலாக அழைத்தோம். மீன்கூடைகளை வாசலில் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே கடைசி இரண்டு வரிசைகளில் அமர்ந்தார்கள். முதற்பகுதி முடிந்தது. தட்டினார்கள்! கூரை அதிரத் தட்டினார்கள். முன்வரிசை முகங்கள் திரும்பி முறைத்தன. தட்டல் ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு, தனியாக, தாமதமாக, கண்ணாடி வளையல் குலுங்க இரண்டு தட்டல். அவர் பெயர் தனகோடி. நம் வீடுகளில் பாதிக்கு மீன் கொண்டுவந்தவர்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவரிடம் மரபை விளக்கினேன். என்ன சொன்னார் தெரியுமா?

“இன்னா வாத்தியாரே, நல்லா வாசிச்சிகினு இருந்தீங்கோ, நடுவுல நிறுத்திட்டீங்கோ. நல்லா இல்லன்னு நெனச்சி பயந்துட்டீங்களோன்னுதான் தட்டுனேன்.”

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன்.

சென்ற பருவத்தின் ஏட்டில் ஐந்தாவது நிகழ்ச்சி இருந்தது. குப்பத்து மக்களுக்காக, இதே மண்டபத்தில், காலை எட்டு மணிக்கு. நவம்பர்க் கூட்டத்தில் தலைவர் அவர்கள் திருவாய் மலர்ந்தார்கள்: “எங்க தட்டணும்னு தெரியாதவங்க சார். விருந்தாளிங்க முன்னால மானம் போகுது.” எதிர்த்து எவரும் பேசவில்லை. எம்.ஏ. படித்த நான் பேசவில்லை. வரலாறு நடத்தும் நான் பேசவில்லை. ‘பார்வையாளர்களுக்குப் போதிய பயிற்சி இன்மையால் நிகழ்ச்சி கைவிடப்படுகிறது’ என்று அஞ்சலட்டையில் அழகாக எழுதி, அடியில் சுப்புராமன் என்று கையெழுத்திட்டேன்.

அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு தனகோடி என் வாசலுக்கே வந்தார். “தபால்காரரு உன் கையெழுத்துன்னாரு. அப்ப நீயே படிச்சி சொல்லு.” படித்தேன். எழுதியவனே எழுத்தெழுத்தாக அவர் முகத்துக்கு நேரே படித்தேன். அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, “சர்தான் வாத்தியாரே, வுடு. அன்னிக்கி காலீல கரையில ஏலம் எடுக்கப் போறேன்” என்று கூடையைத் தலையில் ஏற்றினார்.

அன்றைக்கு என்றாரே, எந்த நாள் அது? 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை.

ஏன் உறைந்துவிட்டீர்கள்? கடலை நான் அழைத்துவரவில்லை. தலைவரும் அழைத்துவரவில்லை. ஆனால் அலை கரையேறிய காலைப்பொழுதில், கரையிலிருந்து இரண்டு கல் தள்ளி இந்த மண்டபத்தின் கடைசி வரிசைகளில் இருந்திருக்க வேண்டியவர்கள் கரையில் நின்றார்கள். தனகோடி நின்றார். அவரோடு அழைப்பு பெற்றிருந்த அறுவர் நின்றார்கள். எழுவரும் திரும்பவில்லை.

மார்ச் மாதம் ஒத்திகையை மீண்டும் தொடங்கினோம். ஞாயிறு காலை, இதே மண்டபம், பூட்டிய கதவுகள், பளிச்சென்ற வெயில். முதற்பகுதி முடிந்தது. வில்கள் தாழ்ந்தன. அமைதி. அந்த அமைதிக்குள், கடைசி வரிசையிலிருந்து, கைதட்டல். பல கைகள். ஓய்ந்தது. பிறகு தனியாக, தாமதமாக, இரண்டு.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டாம் பகுதியை வாசித்தோம். மூன்றாம் ஞாயிறன்று, முரசு வாசிக்கும் லாரிக்காரர் கோதண்டராமன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், உனக்கும் கேக்குதா?”

“கேட்கிறது.”

“எனக்கு மட்டுந்தான்னு நெனச்சி பேஜாராயிட்டேன் சார். வளையல் சத்தங்கூட கீது சார்!”

நாற்காலிகளை அகற்றிப் பார்த்தோம். வெற்றுத் தரையிலிருந்து கேட்டது. தலைவரிடம் சொன்னோம். வெயிலில் தகரக் கூரை விரிகிற சத்தம் என்றார். கூரைக்கு ஏது ஐயா வளையல்?

நாற்பத்தொரு கலைஞர்களும் ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறோம். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம், அழுதால் ஆற்றலாம், பாராட்டுகிறார்களே, அதை எப்படித் தாங்குவது? நாங்கள் பயந்துவிடக் கூடாதென்று தட்டுகிறாரே, அந்தக் கருணைக்கு எங்கே போய் ஒளிவது?

ஆகவே சொல்கிறேன். சத்தமில்லாமல் சொல்கிறேன், சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாம் நிகழ்ச்சி உண்டு. வரும் டிசம்பர் 26, திங்கட்கிழமை, காலை எட்டு மணி, இதே மண்டபம். முன்னிரண்டு வரிசைகள் குப்பத்து மக்களுக்கு. பின்னட்டை வரி நீக்கப்படும். நாற்பத்தொரு கையெழுத்துகள் இதோ என் கையில். தலைவர் அவர்கள் இதை மறுக்கலாம். மறுத்தால் அதிகாரிகளின் விருந்திலும் வெளிநாட்டார் மேடையிலும் ஒரு வில்லும் உயராது, ஒரு முரசும் முழங்காது. முதற்கையெழுத்து என்னுடையது. அஞ்சலட்டையில் இட்ட அதே கையெழுத்து.

என் பேச்சு இன்னும் பாதி இருக்கிறது. நடுவிலேயே நிறுத்துகிறேன். தொடக்கத்தில் தட்ட வேண்டாமென்றதும் இதற்காகத்தான்: நடுவில் நிறுத்தினால்தானே தனகோடி தட்டுவார். இவ்வளவு நேரம் கைகளைக் கட்டிப்போட்டுக் காத்திருந்த உங்களுக்கு என் நன்றி. இருக்கிறவர்களுக்கும் இருந்திருக்க வேண்டியவர்களுக்கும் என் வணக்கம். இனித் தட்டலாம். தட்டி முடித்ததும் மட்டும் யாரும் எழுந்துவிடாதீர்கள், திரும்பியும் பார்க்காதீர்கள். சற்றுப் பொறுங்கள்.

கடைசி இரண்டு தட்டல்கள் உங்களுடையவை அல்ல.