வேலிக்கு அந்தாண்ட அமெரிக்கா

அந்த நாற்காலி வேணாங்க சார், கால் ஆடுது. போன தபா பேச வந்தவரு அதுலேருந்துதான் வியட்நாம் மேல வுழுந்தாரு. கீழ மேப்பு விரிச்சி வெச்சிருந்தாருங்க. இப்படி பெஞ்சுல ஒக்காருங்க. கூட்டம் வர்றதுக்கு இன்னும் நேரம் கெடக்கு. திருப்பத்தூர்லேருந்து பஸ்ஸா? இந்தாங்க, தண்ணி குடிங்க.

நான் செல்லியம்மா, இந்தக் கூடத்தப் பெருக்கறவ. துரை காலத்துல மலை ஊரு பெரியவங்கள்லாம் கூடி நாயம் பேசின சபைக்கூடம் சார் இது. இப்ப மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம உலக நடப்பு பேசறாங்க. நீங்க இன்னா பேசப் போறீங்க? அரபு நாட்டு எண்ணெயா? பேசுங்க, பேசுங்க. அதுக்கு முன்னால ஒரு சேதி.

சித்திரையில வந்தவரு, ஒலகம் ரெண்டு கட்சி, ஒண்ணு அமெரிக்கா, ஒண்ணு ரஷ்யான்னு சொல்லிட்டு பஸ் ஏறிப் போய்ட்டாரு. பக்கத்து வூட்டுல எங்கண்ணன் வீரன் இருக்கறாரு. அவரு பசங்க பள்ளிக்கூடத்துல அமெரிக்கா பால்பவுடர் குடிக்கறாங்களாம், அதனால நான் அமெரிக்கான்னாரு. எங்க வூட்டுக்காரரு சும்மா இருந்திருக்கலாம். அப்ப நான் ரஷ்யான்னுட்டாரு. ரஷ்யா எங்க இருக்குதுன்னு கேட்டா, ஆம்பூருக்கு அந்தாண்டன்னு சொல்றவருங்க அவரு.

அன்னிலேருந்து பேச்சு கெடையாது. எங்க கன்னுக்குட்டி வேலி தாண்டி அண்ணன் கொல்லையில பூந்துட்ச்சி. அண்ணன் அதப் புடிச்சிக் கட்டிட்டு, ரஷ்யா எல்ல மீறிட்ச்சின்னு ஊரு பூரா சொல்லிட்டாரு. இவரு வேலிய ரெண்டு மொழம் ஒசத்திட்டாரு, கோழி கூட தாண்ட முடியல. ரெண்டு வூட்டுக்கும் ஆளுக்கு ஒரு உழவு மாடுதான் சார். ஏர்ல ஜோடி சேத்தாதான் உழவு. இப்ப மழை பேஞ்சி நெலம் கெடக்குது, அமெரிக்கா மாடு அங்க அசை போடுது, ரஷ்யா மாடு இங்க அசை போடுது.

நானா? நம்ம நாடு ரெண்டுலயும் சேராம நடுவுல நிக்குதுன்னு சொன்னாங்களே, அதுதாங்க நானு. பகல்ல இவருக்கு சோறு, சாய்ங்காலம் வேலி சந்துல அண்ணனுக்குக் கொழம்பு. ரெண்டு பேரும் வாங்கித் துன்னுட்டு ரெண்டு பேரும் என்னத்தான் திட்டறாங்க.

அதான் கேக்கறேன். நீங்க எண்ணெயப் பேசி முடிச்சிட்டு, அமெரிக்காவும் ரஷ்யாவும் ராசியாய்ட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. பொய்தான். ஒரு பொய்யால ஒலகம் இன்னா ஆயிடப் போவுது?

இன்னாது, பொய்யில்லையா? நெசமாவே கை குடுத்துக்கினாங்களா? ஆகாசத்துலயா? ரெண்டு ராக்கெட்ட ஒண்ணா சேத்தா? போன வாரமா? ஏன், கீழ எடமில்லையா அவங்களுக்கு? போவட்டும், அவ்ளோ தூரம் போயாவது பேசிக்கினாங்களே. ஒண்ணா ஒக்காந்து சாப்ட்டாங்களா? அதையும் சொல்லுங்க சார். யாரு மொதல்ல கை நீட்டனாங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க, மறுபடியும் ஆரம்பிச்சிடுவாங்க. அண்ணன் அந்த ஜன்னலாண்ட ஒக்காருவாரு, காது கொஞ்சம் மந்தம், சத்தமா சொல்லுங்க.

அவசரமா? அவசரம்லாம் ஒண்ணுமில்லீங்க. ஆவணி பொறந்ததும் எங்க பொண்ணு சாந்தாவுக்குக் கல்யாணம். மணையில மாலை எடுத்துக் குடுக்க வேண்டிய தாய்மாமன் அமெரிக்காவுல ஒக்காந்துகினு இருக்கறாரு.