நான் எடுத்த காலம்

எனக்கு எதுவும் வாசிக்கத் தெளிவாக இருக்க வேண்டும். மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதினால்கூட உளுந்தையும் உளுத்தம்பருப்பையும் தள்ளித் தள்ளி எழுதுவேன். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் தாத்தாக்களின் பெயர்களுக்கு நடுவே ஒளிந்திருந்தால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டில் இதைக் கேலி செய்வார்கள். நான் செய்ததை இந்தக் குணத்திலிருந்து தொடங்கிப் பார்த்தால், அதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை என்று தெரியும்.

எண்பத்தேழாம் வருடம் தென்காசியில் வேலை பார்த்தேன். இயற்பியல் பட்டமும், பாளையங்கோட்டையில் படித்த ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பும் இருந்தன. அச்சன்புதூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில் ஓர் உரக்கடையின் மாடியில் ராமசேஷன் சார் கம்பெனி நடத்தினார். பம்பாயில் இருந்துவிட்டு ஒரு கம்ப்யூட்டரோடு ஊர் திரும்பியவர். கம்ப்யூட்டருக்காக ஏ.சி. வைத்திருந்தார். சாரல் ஜன்னல் வழியாக இலவசமாக வரும் ஊரில், ஜன்னலைச் சாத்திவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அங்கே புரோகிராம் எழுதியவர்கள் இரண்டு பேர். நானும் சிவசைலமும். அவர் ஆய்க்குடிக்காரர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ரொம்ப நிதானம். 'ஆமா' என்று சொல்வதற்குக்கூட முதலில் கூரையை ஒரு தடவை பார்ப்பார். வீட்டு வாசலில் 'எஸ். சிவசைலம், பி.எஸ்ஸி., கம்ப்யூட்டர்' என்று பலகை மாட்டியிருந்தார். அவர் மனைவி ஆவுடைத்தாய் அதை வெள்ளிக்கிழமைதோறும் துடைத்துப் பொட்டு வைப்பதாகக் கேள்வி.

நான் கூச்ச சுபாவம். இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்குக் காது சூடாகிவிடும். "இறங்கணும்" என்று கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன்.

குற்றாலத்தில் விடுதி வைத்திருந்த அருமைநாயகம் அண்ணாச்சிக்கு, சீசனில் அறை ஒதுக்க ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அதற்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். வந்தவர் பெயர், எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேட்டு வாங்கும் பகுதியைச் சிவசைலம் எழுதினார். அது என் பகுதியைக் கூப்பிடும். என் பகுதி காலி அறையைத் தேடிச் சொல்லும். சீட்டு அச்சடிப்பது தனியாக, இருவரும் சேர்ந்து எழுதிய ஒரு சின்னப் பகுதி.

சாரல் தொடங்கியது. கூட்டம் வந்தது. அருமைநாயகம் அண்ணாச்சியும் மாடிப்படி ஏறி வந்தார்.

"ஆளு ஈரத் துண்டோட நடுங்கிட்டு நிக்கான். ஒங்க மெஷினு யோசிக்கு. எங்க பரீது சாவிக்கொத்தப் பாத்தே ரூம் சொல்லுவான். அவன் யோசிச்சு நான் பாத்ததே இல்ல. ஆடி அமாவாசைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா அந்தப் பெட்டிய நீங்களே வந்து தூக்கிட்டுப் போயிருங்க, நான் அது மேல துணி காயப்போட்டுட்டு இருக்கேன்."

அவர் போனதும் ராமசேஷன் சார் எங்களைப் பார்த்தார். "யார் எழுதின பகுதி இழுக்கறதுன்னு எனக்குத் தெரியணும். ரெண்டு பேரை வெச்சுக்க எனக்கும் கட்டுப்படியாகலை. இழுக்கறவா வேண்டாம், ஒருத்தர் போதும்."

சிவசைலம் கூரையைப் பார்த்துவிட்டு, "ஏங்கிட்ட ஒண்ணு இருக்கு சார்" என்றார்.

தன் ஆசைக்காக அவர் ஒரு கருவி எழுதி வைத்திருந்தார். கம்ப்யூட்டருக்குள் ஒரு கடிகாரம் விடாமல் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் அந்தக் கருவி எட்டிப் பார்த்து, புரோகிராமில் இப்போது எந்த இடத்தில் வேலை நடக்கிறது, அதை எந்தப் பகுதி கூப்பிட்டது என்று குறித்துக்கொள்ளும். எந்த இடத்தை அதிகம் குறித்ததோ அங்கேதான் நேரம் போகிறது. நல்ல கருவி. ஆனால் அது அச்சடிக்கும் தாளில் மெஷினுக்குள் இடத்தைக் குறிக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த முகவரிகளும் அவற்றுக்கு நேரே இரண்டு வரிசை எண்களும் தவிர வேறு எதுவும் இருக்காது.

"என்னய்யா இது, பஞ்சாங்கமா?" என்றார் சார். "அதுலயாவது ராகுகாலம் எதுன்னு தெரியும். குழல்வாய்மொழி, இதை மனுஷா படிக்கற மாதிரி பண்ணு."

அந்த வாரம் ஆலங்குளத்தில் தங்கை வளைகாப்புக்காகச் சிவசைலம் லீவில் போனார். போகும் முன் தாளில் இருந்த இரண்டு காலங்களையும் எனக்கு விளக்கினார். காலம் என்றால் மேலிருந்து கீழே எண்கள் இறங்கும் வரிசை. ஆங்கிலச் சொல்தான். எங்கள் ஊர் வாயில் அதுவும் நேரமும் ஒரே சொல்லாகிவிடும்.

"ஏம்மா மொழி, எங்க சகலை குடும்பத்தோட ஐந்தருவிக்குப் போயிட்டு வர மூணு மணி நேரம் ஆச்சுன்னு வையி. அவரு தண்ணிக்குள்ள நின்னது பத்து நிமிசம். மத்த நேரம்லாம் என்ன? மாமனாருக்கு எண்ணெ தேய்க்க, பிள்ளையளப் பிடிக்க, மச்சினி சேலை காய. மூணு மணி நேரங்கிறதும் நெசம், பத்து நிமிசங்கிறதும் நெசம். மொதக் காலம், அவரு மட்டும் எடுத்தது. ரெண்டாவது, அவரு கூட்டிட்டுப் போனவங்களையும் சேத்து. ரெண்டும் வேணும். மொதக் காலத்த எடுத்துட்டா சகலை சோம்பேறி ஆயிருவாரு."

நன்றாகப் புரிந்தது. இன்றுவரை யாரும் எனக்கு இவ்வளவு நன்றாக எதையும் விளக்கியதில்லை.

எண்களைச் சதவீதமாக்கி, ஒரு மாதிரித் தாளை அடித்து சாரிடம் காட்டினேன். இரண்டாவது காலத்தைக் கூட்டினால் நூற்றுக்கு மேல் போனது. "அதெப்படிம்மா போகும்? ஒரு காலம் போதும். முகவரிக்குப் பதிலா எழுதினவா பேரைப் போடு" என்றார்.

"எதை எடுக்க சார்?"

"வாசிக்க எது நன்னா இருக்கோ அதை வை. என்னைக் கேக்காதே."

முகவரிகளை எடுத்துவிட்டுப் பெயர்களைப் போட்டேன். பக்கத்தில் நட்சத்திரங்களை வரிசையாக அடித்தேன். தூரத்திலிருந்து பார்த்தாலே எது நீளம் என்று தெரியும். பிறகு விடுதி புரோகிராமை ஓட்டினேன்.

முதல் காலத்தில் குழல்வாய்மொழி எண்பத்துநாலு, சிவசைலம் நாலு, சீட்டு பன்னிரண்டு.

என் பகுதி ஒவ்வோர் அறைக்கும் சீசன் முழுவதன் பதிவுகளையும் முதலிலிருந்து வாசித்தது. தப்பான முறை என்று சொல்ல முடியாது. ஒன்றையும் விடாமல் வாசிக்க வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

இரண்டாவது காலத்தில் சிவசைலம் எண்பத்தெட்டு. அவருடைய நாலும், அவர் கூப்பிட்ட என்னுடைய எண்பத்துநாலும். என் எண் அவருடையதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தனி வரியாக மறுபடி போடுவதால்தான் கூட்டல் நூற்றைத் தாண்டுகிறது. அந்த வரியை எடுத்துவிட்டால் சிவசைலம் எண்பத்தெட்டு, சீட்டு பன்னிரண்டு. சரியாக நூறு. மூன்று வரி இரண்டு வரியானது.

இரண்டு காலங்களும் சரியான எண்கள்தான். இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். மேலும் என் பெயர் நீளமானது. ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்தால் நட்சத்திரங்களுக்கு இடம் போதாமல் அடுத்த வரிக்கு மடங்கும். பார்க்க அசிங்கம். சிவசைலம் என்பது அளவான பெயர்.

முதல் காலத்தை எடுத்தேன்.

சிவசைலம் லீவு முடிந்து வந்த அன்று தாளை சாரிடம் கொடுத்தேன். ஒரு கம்ப்யூட்டர் தாளை முதல்முறையாகப் புரிந்துகொண்டவரின் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. "இப்படின்னா இருக்கணும்! குழந்தைகூடப் படிக்கும்."

சிவசைலம் அதை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "நல்லா இருக்கு மொழி. ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார். அப்புறம், "ரெண்டு காலம் இருந்துச்சுல்லா?"

"ஒண்ணை நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார் சார்.

"இல்ல சார், இது கீழ உள்ளதையும் சேத்த கணக்கு. இப்ப... எங்க சகலை குடும்பத்தோட ஐந்தருவிக்குப் போறாருன்னு வைங்க..."

சகலை மாமனாருக்கு எண்ணெய் தேய்க்கத் தொடங்குவதற்குள் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். "பாத்தியாம்மா? விளக்கம் சொல்றதுலயே எண்பத்தெட்டு பர்சென்ட் எடுக்கறான்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். உதவிக்குத்தான். அவருக்கு என்மேல் சந்தேகம் எதுவும் இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏ.சி.யின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சிவசைலம் அந்த மாதத்தோடு நின்றுகொண்டார்.

அவர் போன பிறகு, ஆடி அமாவாசைக்கு முன்பே என் பகுதியைத் திருத்தினேன். முதலிலிருந்து வாசிப்பதை நிறுத்தி, காலி அறைகளுக்கு மட்டும் தனியாக ஓர் அட்டவணை வைத்தேன். பெரிய வேலை இல்லை. அருமைநாயகம் அண்ணாச்சி நேரில் வந்து பழக்கூடை கொடுத்தார். "வந்தவன் பேரச் சொல்லி முடிக்கல, ரூம் நம்பரு வந்து நிக்கு. பரீது இப்ப யோசிக்கான், அடுத்து நம்மள அனுப்பிருவாங்களோன்னு."

"ஆள் போனான், மெஷின் பறக்கறது" என்றார் ராமசேஷன் சார். நான் என்ன மாற்றினேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காத ஒன்றைத் தானாகச் சொல்வது எனக்கு வராது.

மெஷின் பறக்கும் செய்தி ஆய்க்குடிக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு ஒருநாள் தென்காசி பஸ் நிலையத்தில் அண்ணாச்சியைப் பார்த்தேன். மச்சானின் வாடகை சைக்கிள் கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நடை வேகமாகியிருந்தது. பேச்சும்.

"நாந்தாம்மா மெதுவு, மொழி. தாள்லதான் தெளிவா இருந்துச்சே. நான் போனதும் ஓடுதுல்லா? இப்பல்லாம் வெரசாத்தான் எல்லாம். ஆவுடை, சாப்பாட்ட மெல்லுங்கன்னு ஏசுதா. வாரேன், கடை தொறக்கணும்." சொல்லிக்கொண்டே பஸ்ஸில் ஏறிவிட்டார். அவர் கூரையைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். பஸ் நிலையத்தில் கூரை இருந்தது.

வாசல் பலகையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். மண்ணெண்ணெய் தொட்டு 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லை மட்டும் அழித்துவிட்டாராம். அதற்கு முன்னால் இருந்த கால்புள்ளியை விட்டுவிட்டார். 'பி.எஸ்ஸி.,' என்று அந்தப் பலகை இன்னும் எதற்கோ காத்திருக்கிறது. இலக்கணப்படி அதையும் அழித்திருக்க வேண்டும்.

அடுத்த சீசனில் சென்னையிலிருந்து சுப்புராமன் என்பவர் எங்கள் மாடிக்கு வந்தார். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் மேலாளர். அவர்களிடம் ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்குச் சிவசைலம் மனுப் போட்டிருந்தார். முந்தைய வேலையை விட்ட காரணம் என்ற இடத்தில் 'மெதுவு' என்று எழுதி, ஆதாரமாக என் தாளையும் இணைத்திருந்தார். கூடவே, தாளின் தெளிவைக் கவனிக்கவும் என்று ஒரு குறிப்பு. தன்னைப் பற்றிய எதையும் மறைக்கத் தெரியாத மனிதர். சுப்புராமன் அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தார்.

"எண்ணெல்லாம் சரிதானேம்மா?"

"சரிதான் சார்."

"அந்த ஆள் எப்படி?"

"நல்லவர் சார்."

எங்கள் தொழிலில் ஒருவரைப் பற்றி அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது என எழுதலாம். தெரியும்.

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவ்வளவு தெளிவா யாரும் பண்ணி நான் பார்த்ததில்லை. இதுக்கு எவ்வளவு காலம் எடுத்துச்சு?"

"ஒண்ணுதான் சார் எடுத்தேன்."

"ஒரு மாசமா? பரவால்லையே" என்றார்.

மாசம் என்று நான் சொல்லவில்லை. நான் சொன்னது உண்மை. அன்று அவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் பொய் சொல்லவில்லை. காலியாக இருந்த இடத்தை எனக்குக் கொடுத்தார்.

கொல்லம் மெயிலில் நான் கிளம்பிய அன்று, ஸ்டேஷனுக்கு எனக்கு முன்பே சிவசைலம் வந்து நின்றார். என் பெட்டியை வாங்கி மடமடவென்று ஏற்றிவைத்தார். தனக்குக் கிடைக்காத வேலைக்குத்தான் நான் போகிறேன் என்பது அவருக்குத் தெரியும். "ஒனக்குத்தாம்மா அது சரி" என்றார். ஆவுடைத்தாய் கொடுத்துவிட்ட அதிரசப் பொட்டலத்தை என் மடியில் வைத்தார். வண்டி நகரும்போதுதான் பழையபடி கொஞ்சம் நிதானம் வந்தது.

"மொழி, மெட்ராஸ்ல போயி அந்த மொதக் காலத்தத் திருப்பிப் போட்டிரும்மா. என்னைக்காவது எவனுக்காவது வேணும்."

"போடுதேன் அண்ணாச்சி" என்றேன்.

அந்தக் காலத்தை எடுத்தது நான்தான். எதை எடுத்தால் யார் பெயர் நிற்கும் என்று தெரிந்துதான் எடுத்தேன். அதை மறைக்க நான் எப்போதும் நினைத்ததில்லை.

அந்த ஒற்றைக் காலத் தாளைச் சென்னைக் கம்பெனி அறிக்கையாக விற்றது; இப்போது பல ஊர்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள். அடியில் என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எந்த அலுவலகத்தில் யார் பெயர் முதல் வரியில் வருகிறது என்று எனக்குத் தெரியாது. வாசிக்க நன்றாக இருக்கிறது என்று கடிதங்கள் வருகின்றன. இன்னொரு காலம் வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அண்ணாச்சிக்குக் கொடுத்த வாக்கை நான் மறக்கவில்லை. அதற்கும் ஒரு காலம் வரும்.