நூலளவு

“…நிக்கேம்மா. இனி நான் கொறைஞ்சா யாருக்கு என்ன?”

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ்ஸில், பாதி சீட்டு காலியாகக் கிடக்கையில், கம்பியைப் பிடித்து நின்ற பெண் தன் அம்மாவிடம் சொன்னது இது.

“காலையில வேன்ல படுத்துக்கிட்டேல்லா போன. உக்காந்தா உயரம் கொறையும்னு இட்லியக்கூடப் படுத்துக்கிட்டே தின்ன.”

“தின்னு என்ன செய்ய? மத்தியானம் வரைக்கும் வெயில்ல வரிசையில நிக்க வச்சிட்டுல்லா அளந்தாங்க.”

“ஆனை நொழைஞ்சு வாலு மாட்டுன கதையால்லா இருக்கு. போலீஸ் பரீட்சையில பாஸாகி, உயரத்துலயா போவணும்? நூலளவுதானட்டி. லேசா குதிகாலத் தூக்கியிருக்கப்படாதா?”

“அளந்த பொம்பளப் போலீசு எம் பாதத்தக் கையால அமுக்கிப் பிடிச்சிருந்தா.”

“போன தடவ ஓட்டத்துல போச்சு.”

“இந்தத் தடவ ஓடவே விடல.”

“அடுத்த தடவ பாப்போம்ட்டி.”

“வயசு தாண்டிருதும்மா. இதான் கடைசின்னு சொன்னம்லா.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “உக்காருட்டி,” என்றாள் மறுபடியும். அவள் உட்காரவில்லை.

மேலகரம் வந்தது. இறங்க எழுந்த ஒரு பெண்மணிக்கு மேல்தட்டில் வைத்திருந்த தன் பை எட்டவில்லை. எதுவும் அறியாமல் இவளைப் பார்த்துச் சொன்னாள்: “ஏட்டி, நீ நல்ல நெட்டையாத்தான இருக்க. அதை எடுத்துத் தா.”

அவள் குதிகாலைத் தூக்காமலே கையை நீட்டி, பையை இறக்கிக் கொடுத்தாள்.